ஒரே அடுப்பா, வேறயா?

அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்த இஸ்திரிக்காரியிடம் யாரும் அனாவசியமாகப் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்டால், "ஆனதும் கிடைக்கும்" என்பாள். பொத்தான் தெறித்திருக்கிறதே என்றால், "தொப்பையைக் குறைங்க, தங்கும்" என்பாள். வேலை சுத்தம். அதற்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த வாய் பிறந்ததிலிருந்தே வந்தது இல்லை. புருஷன் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஒரு மழைக்காலத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு அவர் படுத்துவிட, இவள் கரி போட்டுத் தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். காவலாளி இடத்தைக் காலி பண்ணச் சொன்னபோது கெஞ்சிப் பார்த்தாள், மேசையைத் தூக்கி வெளியே வைத்தான். மறுநாள் கத்திப் பார்த்தாள். அவனே உள்ளே தூக்கி வைத்தான். அதற்குப் பிறகு அவள் கெஞ்சவே இல்லை.

வீட்டின் முன்பக்கம் இரண்டு அறைகளில் அவளும் புருஷனும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு மகள்களும் இருந்தார்கள். பின்பக்கத்து ஒற்றை அறையில் கொழுந்தன், அவன் பெண்டாட்டி, அவர்களுடைய சின்னப் பையன். பையனை எல்லோரும் சுண்டு என்பார்கள். கொழுந்தன் கட்டட வேலைக்கென்று வெளியூர் போனான். முதலில் தினமும் போன் வந்தது, பிறகு எப்போதாவது வந்தது, பிறகு அவன் போன் அணைந்தே கிடந்தது.

அவன் பெண்டாட்டி, அதாவது வீட்டுக்குச் சின்னவள், அப்போது ஓரகத்திக்குத் துணையாக இஸ்திரி மேசையில் நின்றுகொண்டிருந்தாள். ஒருநாள் யாரோ ஒரு பையன் நேர்முகத் தேர்வுக்குப் போட்டுப் போக வைத்திருந்த கோட்டைக் கருக்கிவிட்டாள். அவன் அப்பா படியில் நின்று கட்டடமே கேட்கிற மாதிரி கத்தினார். அன்றைக்கு யார் கத்தினாலும் இஸ்திரிக்காரி திருப்பிக் கத்த முடியாது. தப்பு இவர்கள் பக்கம். வாயை மூடிக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் அது வெளியே வந்தது.

"கோட்டைக் கருக்கின கைக்குச் சோறு மட்டும் குறையாம வேணும்."

சின்னவள் தட்டைத் தள்ளினாள். "நீங்க கரண்டியை எண்ணி எண்ணிப் போடுறது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்கக்கா. இனிமே நானும் என் புள்ளையும் உங்க அடுப்புச் சோத்தைத் தொட மாட்டோம்."

மறுநாளே பின்னறையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்து உட்கார்ந்தது. சின்னவள் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். பசித்தால் தானாக வருவாள் என்று இஸ்திரிக்காரி காத்திருந்தாள். வரவில்லை.

"புள்ளையையாவது கூப்பிட்டுப் போடேன்" என்றார் புருஷன்.

"கூப்பிட்டா, கரண்டியை எண்ணுறேன்னு சொல்லுவா. உங்க தம்பி பொண்டாட்டிதானே, நீங்க போய் ஊட்டி விடுங்க."

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிற சத்தம் அதில் நன்றாகக் கேட்கும். சில சாயங்காலம் அந்தச் சத்தம் வராது. சுண்டு சிணுங்குவது மட்டும் கேட்கும். இஸ்திரிக்காரி எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

இப்படியிருக்கும்போதுதான் சாப்பாட்டுக் கணக்கெடுப்பு வரப்போகிறது என்று தெருவில் பேச்சு வந்தது. நாடு முழுக்க எடுக்கிறார்களாம். யார் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு குறைகிறது, கஷ்டம் வந்தால் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்பார்களாம். தெருவுக்கு அது ஆகவே ஆகாது. போன தடவை கேட்டுவிட்டுப் போன கொஞ்ச நாளில் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த சத்துமாவுப் பாக்கெட் நின்றுபோனது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. உண்டு என்றே தெரு முடிவு கட்டியிருந்தது.

எதிர்வீட்டுக்காரி வந்து விஷயத்தைச் சொன்னாள். "இந்தத் தடவை எல்லாரும் ஒண்ணு போல சொல்லப்போறோம். திங்க ஒண்ணுமில்ல, புள்ளைங்க பட்டினின்னு. உன்கிட்ட வந்தா நீயும் அதையே சொல்லு."

"என் வீட்ல அடுப்பு எரியலன்னு ஊரான்கிட்ட நான் சொல்லணுமா? போடி."

"உன் ஒருத்தியால தெருவே கெடும்."

"கெடட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கையில் டேப்லெட். இன்னொருத்தி தோளில் எடை மிஷினும் உயரம் அளக்கிற பலகையும். தெருவில் ஒவ்வொரு வாசலும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை.

"வேற வீடு பாருங்க" என்றாள் இஸ்திரிக்காரி.

"மாத்த முடியாதுங்கக்கா. இந்தத் தெருவுல எங்களுக்கு வந்த வீடுகள்ல இதுவும் ஒண்ணு."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"நாங்க எடுக்கல. கம்ப்யூட்டர் எடுத்தது."

"அப்ப அதையே கேட்டுக்குங்க."

எதிர்வாசலில் எதிர்வீட்டுக்காரி சிரிப்பது தெரிந்தது. அவள் சிரித்ததற்காகவே இஸ்திரிக்காரி கதவை அகலத் திறந்து, "உள்ள வாங்க" என்றாள்.

"வீட்ல யார் யார் இருக்கீங்க? ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடுறவங்களைச் சொல்லுங்க."

வீட்டுச் சண்டையை வெளி ஆளிடம் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. தன் குடும்பத்தோடு சின்னவளையும் சுண்டுவையும் சேர்த்துச் சொன்னாள். "எல்லாம் ஒரே அடுப்புதான்."

சின்னக் குழந்தை இருந்தால் அளக்க வேண்டும் என்றாள் பலகைக்காரி. இஸ்திரிக்காரி எதிர்பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் மகளைப் பின்னறைக்கு அனுப்பினாள். சுண்டு ஓடி வந்தான். அவ்வளவு கிட்டத்தில் அவனைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

பலகைக்காரி அவனை எடை போட, இவள் பக்கம் கேள்விகள் ஓடின.

"போன மாசத்துல சாப்பாடு பத்தாமப் போயிடுமோன்னு கவலைப்பட்டீங்களா?"

"இல்ல."

"யாராவது ஒரு வேளை சாப்பிடாம விட்டீங்களா?"

"இல்ல."

"ஆமா" என்று ஒரு குரல் வந்தது. பையனைத் தேடி வந்த சின்னவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

டேப்லெட்காரி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த கேள்வியைத் தயங்கித்தான் கேட்டாள். "பசியிருந்தும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாம இருந்தது உண்டா?"

"இல்ல" என்றாள் இஸ்திரிக்காரி.

"உண்டு" என்றாள் சின்னவள்.

"சமாளிக்கறதுக்காக வீட்டுச் சாமான் எதையாவது வித்தீங்களா?"

"என் மிக்சி. என் கட்டில்" என்றாள் சின்னவள். "இன்னும் கேளுங்க. இவங்க சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன்."

"யாருடி உன்னை இங்க கூப்பிட்டது?"

"என் புள்ளையை யாரு கூப்பிட்டதுன்னு நான் கேக்க வந்தேன். செத்தமா இருக்கமான்னு எட்டிப் பாக்கல, கணக்குக் காட்ட மட்டும் நாங்க வேணுமா?"

அந்த நேரம் பார்த்துப் பலகைக்காரி சுண்டுவின் இடது மேல்கையில், பிள்ளை எவ்வளவு மெலிந்திருக்கிறான் என்று காட்டுகிற வண்ண நாடாவைச் சுற்றி இழுத்தாள். பச்சை தாண்டியது, மஞ்சளும் தாண்டியது, சிவப்பில் நின்றது. அவிழ்த்து மறுபடி சுற்றினாள். சிவப்புதான்.

"நாளைக்கே கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க. தள்ளிப் போடாதீங்க" என்றாள்.

சுண்டு நாடாவைக் கேட்டுக் கை நீட்டினான்.

டேப்லெட்காரி மெதுவாகக் கேட்டாள். "ரெண்டு பதில் வருதுங்க. போன மாசம் பூரா எல்லாரும் ஒரே அடுப்புலயா சாப்பிட்டீங்க, இல்ல வேறயா?"

இஸ்திரிக்காரிக்கு முகம் சுட்டது. ஒரே அடுப்பு என்றால் தன் கண்ணெதிரே வீட்டுக் குழந்தையைக் காயப்போட்டவள் ஆவாள். சின்னவள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேற" என்றாள்.

டேப்லெட்காரி திரையில் விரலை ஓட்டினாள். சின்னவள் பெயர் போனது. சுண்டு பெயர் போனது.

"என்னத்த அழிக்கிற?"

"இந்தக் குடும்பத்துல இல்லாதவங்களை எடுத்துடணுங்கக்கா."

"அவன் கையை அளந்தாளே, அது?"

"அதுவும் இதுல வராது. அவங்க வீட்டைக் கம்ப்யூட்டர் எடுக்கல."

"சிவப்பு காட்டுச்சேடி! நீயும்தானே பாத்தே?"

"பாத்தேன். ஆனா உங்க வீட்டுக் கணக்குல எழுத முடியாது. கணக்குல வராட்டியும் குழந்தையைக் கூட்டிட்டுப் போங்க."

"எந்திரி. ரெண்டு பேரும் எந்திரிங்க. பசிச்சவனை அழிச்சிட்டுப் பசிக்காதவளைக் கேக்க வந்துட்டாளுங்க!" பலகையைத் தூக்கி அவளே வாசலில் வைத்தாள். மிச்சக் கேள்விகளை அந்தப் பெண்கள் வாசலில் நின்றபடி கேட்டுத் தீர்த்தார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் எரிந்து விழுந்து பதில் சொன்னாள். எல்லாம் உண்மையான பதில்கள்.

மறுநாள் இஸ்திரிக்காரி மேசை போடவில்லை. சின்னவள் பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது இவளும் பின்னாலேயே நடந்தாள்.

"நீங்க எதுக்கு வர்றீங்க?"

"ரோடு உங்கப்பன் போட்டதா?"

கிளினிக் ஜன்னலில் இருந்த ஆள், இன்றைக்கு டோக்கன் முடிந்தது, வியாழக்கிழமை வாருங்கள் என்றான். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள். இஸ்திரிக்காரி திரும்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் ஆரம்பித்த ஆரம்பத்தில், உள்ளே இருந்த டாக்டரம்மாவே எழுந்து வந்துவிட்டாள்.

"குழந்தைக்கு நீங்க யாரு?"

"பெரியம்மா."

"ஒரே வீடா? அப்புறம் எப்படிங்க இவ்வளவு தூரம் விட்டீங்க?"

மற்ற நாளாக இருந்தால் டாக்டரம்மாவுக்கும் கிடைத்திருக்கும். அன்றைக்கு அவள் சுண்டுவின் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டாள். பிசைந்த கடலை மாதிரியான சத்துணவுப் பாக்கெட்டுகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் சின்னவளுக்கு இரண்டு அடி முன்னாலேயே நடந்து வந்தாள்.

அதன் பிறகு சுண்டு மத்தியானத்தில் இஸ்திரி மேசைக்கடியில் உட்கார்ந்தான். பாக்கெட்டோடு அவனுக்கு ஒரு முட்டையும் வைத்தாள். பாத்திர வேலை முடிந்து வந்த சின்னவள் அதைப் பார்த்துவிட்டு, "என் புள்ளைக்கு யார் பிச்சையும் வேணாம்" என்றாள்.

"உன் புள்ளைக்குப் போடல. என் கொழுந்தன் புள்ளைக்குப் போடுறேன். உனக்கு இங்க என்ன வேலை?"

சின்னவள் போகவில்லை. என்ன ஊட்டுகிறாள், எப்படி ஊட்டுகிறாள் என்று பார்க்க அங்கேயே நின்றாள். தினமும் நின்றாள். சும்மா நிற்கப் பிடிக்காமல் துணியை உதறினாள், மடித்தாள். இரண்டாவது பெட்டியில் கரி போட்டு யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. பள்ளி திறக்கிற சமயம் கட்டடத்தின் பாதித் துணி சின்னவள் கை வழியாகப் போனது. கூலியும் பாதி.

நாடா பச்சைக்கு வர ரொம்ப நாள் பிடித்தது. வந்தது. தெருவுக்குச் சத்துமாவு மட்டும் திரும்ப வரவில்லை. கணக்கெடுப்பில் என்ன தெரிந்தது என்று சொல்லவும் ஆள் வரவில்லை. 'இல்ல, இல்ல' என்று சொன்னவள் இவள்தான் என்று எதிர்வீட்டுக்காரி இன்னும் திட்டுகிறாள், தண்ணீர்க் குழாயில் இவள் குடத்தை ஒதுக்கி வைக்கிறாள். இவளும் அதை எடுத்து முன்னாலேயே வைக்கிறாள்.

இரண்டு ஓரகத்திகளும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. "சுண்டு, உங்க பெரியம்மாகிட்ட கரி தீந்துபோச்சுன்னு சொல்லு." "சுண்டு, கண்ணு இருந்தா மூட்டையில இருக்கும், எடுத்துக்கச் சொல்லு." பையன் ஒன்றையும் சொல்ல வேண்டியதில்லை, இருவருக்கும் காது நன்றாகவே கேட்டது. ஒரு மத்தியானம் இது முற்றிப்போய், முதல் மாடிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, மனுஷன் தூங்க வேண்டாமா, எப்போது பார்த்தாலும் சண்டையா என்று சத்தம் போட்டார்.

இரண்டு பேரும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரே சமயத்தில் மேலே பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக்குள்ள நாங்க பேசிக்கிறோம். உங்களுக்கு என்ன வந்தது?" என்றாள் இளையவள்.

"முதல்ல வாரக் கணக்கா வாங்காம கிடக்கிற உங்க வேட்டியை வந்து வாங்குங்க" என்றாள் மூத்தவள்.

அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.