ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீடு

ரிடையர் ஆவதற்கு ஒரு வருஷம் முன்பே சேலத்தில் வீடு தேடத் தொடங்கிவிட்டேன். மரக்காணத்தில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியிலிருந்து மிக்ஸி திருகு வரை எல்லாவற்றையும் அரித்தது. புயல் என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். என் மனைவிக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. நெஞ்சு வலித்தால் பாண்டிச்சேரி போய்ச் சேருவதற்குள் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். சேலத்தில் லிஃப்ட், நல்ல தண்ணீர், பத்து நிமிஷத்தில் பெரிய ஆஸ்பத்திரி. தாலுகா ஆபீஸில் ஃபைல் பார்த்தவனின் திமிரோடு எல்லாவற்றையும் சரிபார்த்து, மரக்காணம் வீட்டை விற்றேன்.

"அங்க நமக்கு யாருங்க இருக்காங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

"டாக்டர் இருக்காரு" என்றேன். பெரிய பதில் சொல்லிவிட்டதாக நினைப்பு வேறு.

மரக்காணத்தில் எங்கள் மாதா கோவில் பங்கில் அன்பியக் கூட்டம் வாராவாரம் ஒரு வீட்டில் நடக்கும். தெருக்காரர்கள் கூடிச் செபம் சொல்வார்கள், பிறகு ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். சேலத்தில் எங்கள் முறை வந்தபோது, அதே பழக்கத்தில் இருபத்தைந்து பேருக்குச் சுண்டல் செய்தாள். வந்தது நான்கு பேர். செபம் முடிந்ததும் செருப்பைத் தேடினார்கள். மூன்று நாள் நாங்களே அந்தச் சுண்டலைத் தின்றோம். நான் கேலிகூடச் செய்தேன், பாவி. அதற்குப் பிறகு அவள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

போன வருஷம் அவளுக்குக் குடலில் ஆபரேஷன். ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவரச் சொன்னார்கள். அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? வெட்கத்தை விட்டு மரக்காணத்துக்குப் போன் போட்டேன். மறுநாள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள், மீன் விற்கும் பெண்கள், எங்கள் வீட்டை வாங்கியவர். டிஸ்சார்ஜ் அன்றும் அதே வேனில் வந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே விடைபெற்று அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது அவள் கேட்டாள்: "வண்டில எனக்கும் ஒரு சீட் இருக்குமா?"

வீட்டை வாங்கியவர்தான் பதறிப்போய், "இன்னாக்கா இப்டி கேக்குற, அது உன் வீடுதானே! எத்தினி நாள் வேணும்னாலும் வந்து இரு" என்றார்.

"விருந்தாளி எத்தினி நாளுப்பா தங்குறது?" என்று சிரித்தாள்.

வேன் தெருமுனை திரும்பும்வரை கையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"வெயில்ல நிக்காதீங்க, உங்களுக்கு ஆவாது. ஆட்டோவ கூப்புடுங்க" என்றாள்.