கொசுறாக வந்த கடலை

என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. ஒருமுறை தின்று மூச்சுத் திணறியிருக்கிறாள். அதனால் கொல்லிமலை வாசலூர்பட்டியில் மரவள்ளிக்கிழங்கு வாங்கும்போதுகூட, எதில் வேகவைத்தீர்கள், என்ன தாளித்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். பணம் எடுக்கப் பையைத் திறந்த நேரத்தில் கடைக்கார அம்மா, "கொசுறு, சாமி" என்று அவள் கையில் அவித்த கடலையை அள்ளி வைத்தார். பதறித் தட்டிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "ஏனுங்க, எங்க கையில வாங்கித் திங்க மாட்டீங்களா?"

"அதில்லைங்க. கடலை தின்னா இவளுக்கு மூச்சு நின்னுடும்."

திடுக்கிட்டு, மகளின் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டார். தாரிலிருந்த மலைவாழையைக் காட்டி, "நீங்களே பிச்சு உரிச்சுக் குடுங்க" என்றார்.

மகள் தின்றாள். மலையிறங்கி அடிவாரத்துக் காரவள்ளி வரும்வரை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். அத்தனை கேள்வி கேட்ட நான், ஏன் கேட்கிறேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவேயில்லை.