ரிபாயி போட்ட மூன்று புள்ளி

சங்கரன்கோவில் கழுகுமலை சாலையில் ரிபாயிக்குக் கோட்டம் எடுக்கும் கடை. வளைந்த வண்டிச் சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுற்றவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக முடுக்கி நேராக்குவது தொழில். வேலை முடிந்ததும் ரிம்மில் கம்பிகள் நிற்கிற பக்கம், வால்வுக்கு அருகில் கூர்முனைப் பஞ்ச் வைத்து மூன்று புள்ளி தட்டுவார். ஊரில் கோட்டம் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. சக்கரம் மறுபடி கோணி வந்தால், யார் கைவேலை என்று சண்டை வராது.

கலியாணமான பிறகு ஒன்பது வருடம் சவூதியில், தம்மாமில் டயர்க் கடையில் இருந்தவர். மகள் ரிஸானாவுக்கு அப்போதெல்லாம் வாப்பா என்றால் போனில் வருகிற முகம். இனி ஊரோடு இருந்துவிடலாம் என்றுதான் கடையைப் போட்டார். கடை ஓடவில்லை. மனைவியின் அண்ணன் சைஃபுல்லா அங்கிருந்து புதிய விசாவை அனுப்பிவிட்டு, மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் புளியங்குடி பாண்டியராஜ் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். காலைத் தரையில் ஊன்றாமல் பாறைமேல் ஏற்றுகிற ட்ரையல்ஸ் வண்டி அவனுடையது. ரிம் வெடித்திருந்தது. அந்தப் பழைய மாடலுக்கு வேறு ரிம் எங்கும் கிடைக்கவில்லை.

"என்ன வே இது, கம்பிக்கு ரிம்முல ஓட்டையே இல்ல?"

"அதான் பாய் விஷயமே. நடுவுல வரப்பு மாதிரி ஒண்ணு நிக்கு பாருங்க, கம்பி அதுலதான் மாட்டும். ட்யூப் கெடையாது. நாலு பவுண்டு காத்துதான் வைப்போம். டயரு தொளதொளன்னு இருந்தாத்தான் பாறையக் கவ்வும். அவ்வளவு கம்மியா வச்சா ட்யூப்பு நசுங்கிக் கிழிஞ்சிரும்லா."

"செஞ்சு பாத்திருவோம். நீரு ஏறி விழுந்தா எம்மேல வராதயும்."

"விழாம ஏறுனா, கோயம்புத்தூர்ல எங்க கூட்டாளிக எல்லாத்துக்கும் நீங்கதான் ரிம்மு."

அன்று இரவு சாப்பிடும்போது ரிபாயி மனைவி ஷிபாவிடம் சொன்னார்: "இது மட்டும் நின்னுட்டா நான் போக வேண்டாம் பிள்ள."

"மொதல்ல நிக்கட்டும். சோத்த அள்ளித் தின்னுங்க."

சாதாரண அலுமினிய ரிம் ஒன்றை வாங்கி, கம்பி ஓட்டைகளை எல்லாம் ராஜபாளையத்தில் வெல்டிங் வைத்து அடைத்தார். நடுவில் வரப்பை ஒட்டவைத்து, அதில் ஓட்டை போட்டார். முதல் ரிம் சூட்டில் முறுக்கிக்கொண்டது. இரண்டாவது, ஒட்டிய இடத்தில் காற்றைவிட்டது. மூன்றாவதன் தரையை, வரப்பு நிற்கிற அந்தத் தகட்டை, எடை குறையட்டும் என்று லேத்தில் மெலிதாகச் சீவினார். டயர் மாட்டித் தண்ணீர்த் தொட்டியில் முக்கியபோது ஒரு குமிழிகூட வரவில்லை. துடைத்து, தாங்கியில் ஏற்றி, கடைசியாக ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் பாண்டியராஜிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இளையரசனேந்தல் பக்கம் பொத்தை என்கிற சின்னப் பாறைக்குன்றில் ஓட்டினார்கள். கோயம்புத்தூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். முதல் பாறையில் வண்டி ஆடு மாதிரி ஏறியது. ரிபாயி தன்னையறியாமல் கைதட்டினார். அடுத்த பாறையின் விளிம்பில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றது. வண்டியோடு சேர்ந்து பாண்டியராஜும் உருண்டான். முழங்கை கிழிந்ததோடு போயிற்று.

"வேலை சுத்தமா இருக்குங்க பாய்," என்றார் வந்தவர்களில் ஒருவர். "ஆனா இதை நம்பி ஏற முடியாதுங்க."

கடைக்குத் திரும்பி, டயரைப் பழையபடி உட்காரவைத்துத் தொட்டியில் முக்கினார். வெல்டிங் எல்லாம் சரியாக இருந்தது. வால்வுக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று இடத்தில் நூல் மாதிரிக் குமிழி வந்துகொண்டிருந்தது. அவருடைய புள்ளிகள்.

தொட்டியிலிருந்து எடுத்த பிறகு தட்டியிருக்கிறார். தட்டியதே நினைவில்லை. மற்ற ரிம்மில் காற்றைப் பிடிப்பது ட்யூப். அதில் எத்தனை புள்ளி வைத்தாலும் ஒன்றுமில்லை. இதில் ரிம்மின் தரைதான் பிடிக்க வேண்டும். அதையும் அவரே சீவி மெலிதாக்கியிருந்தார். பஞ்ச் அதைத் துளைத்து, இருந்த நாலு பவுண்டும் கசிந்துதான் டயர் கழன்றிருக்கிறது.

பாண்டியராஜுக்குப் போன் போட்டார். "கோளாறு எங்கன்னு தெரிஞ்சுட்டு வே. வேற ஒண்ணு செஞ்சிரலாம்."

"சரிதான் பாய். ஆனா ஒருக்கா விழுந்ததப் பாத்தவன் ஏறுவானா? அவங்க வண்டியையே மாத்தப் போறாங்களாம். நானும் வித்துரலாம்னு இருக்கேன்."

அன்று இரவு ஷிபா சோறு போட்டாள். ரிபாயி சொன்னார்: "ஒங்க அண்ணங்கிட்ட வாரேன்னு சொல்லிரு."

மறுநாள் பால்காரர் தங்கசாமியின் சக்கரம் வந்தது. முடுக்கி நேராக்கினார். முடிந்ததும் கை தானாகப் பஞ்சை எடுத்தது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, மூன்று புள்ளியையும் தட்டினார். அது மறுபடி கோணி வரும்போது அடையாளம் பார்க்கக் கடையில் ஆள் இருக்காது.