முக்கால் மணி நேரக் குளியல்

ஆமாம், முக்கால் மணி நேரம் குளித்தாள். உங்கள் வீட்டுத் தண்ணீரா குறைந்துபோயிற்று? மாடிவீட்டுக்காரி இதையே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். "கைவலின்னு பட்டையைக் கட்டிக்கிட்டு மாமியாரைப் பாத்திரம் கழுவ வச்சா. குளிக்க மட்டும் கை நல்லா வேலை செஞ்சுதாக்கும்!" என் மருமகளை நான் குறை சொல்லலாம். பத்துக் குறை கைவசம் இருக்கிறது. மாடிவீட்டுக்காரிக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது?

மருமகள் பேக்கரியில் கேக்குக்குப் பூப்போடுகிறவள். கூம்புப் பையில் கிரீமை அடைத்து, மேல்முனையை முறுக்கி, ஒற்றைக் கையால் பிதுக்குவாள். ஒரு ரோஜாவுக்கு எட்டுப் பிதுக்கு. நாளெல்லாம் இதுதான். யாராவது அவசரப்படுத்தினால், "கிரீம் உருகினாத்தான் அவசரம்" என்பாள். காலையில் பிரஷ்ஷில் வைக்கிற பற்பசையைக்கூடச் சங்கு மாதிரி சுழித்துத்தான் வைப்பாள். பூவோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்வேன். பெயரும் எழுதுவாள். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இவளோ ஊர்ப்பட்ட குழந்தைகளின் பெயரையெல்லாம் வைத்த கை எடுக்காமல் எழுதித் தள்ளுகிறாள். அதையும் வெட்டித் தின்றுவிடுகிறார்கள். எழுத்து அவளுக்கு அவ்வளவு மலிவு. எனக்கு வயிறு எரியாதா?

அந்தக் கைதான் ஒரு நாள் பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் நின்றுவிட்டது. டம்ளரைத் தூக்கினால் நழுவியது. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாகக் கொட்டைப்பாக்கு அளவு வீக்கம். என் மகன் லீவு போட்டு அவளை பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை மூடி, சுண்டுவிரல் பக்கமாகக் கையைச் சாய்க்கச் சொன்னார்களாம். "உயிரே போயிடுச்சு அத்தை" என்றாள். விரலை இழுக்கிற நரம்பு ஓர் உறைக்குள் ஓடுகிறதாம். ஓயாமல் ஒரே வேலை செய்து உறை வீங்கிவிட்டதாம். ஆறு வாரம் பிதுக்கக் கூடாது, பிழியக் கூடாது, கட்டைவிரலால் கவ்வி எதையும் தூக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து ஏந்த வேண்டும். கேட்காவிட்டால் ஊசி, பிறகு கத்தி. பேக்கரிக்காரரும் ஆறு வாரம்தான் பொறுப்பேன், அப்புறம் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்.

நீல நிறப் பட்டை வந்தது. உள்ளே தகடு வைத்தது, மணிக்கட்டைச் சுற்றி இழுத்து ஒட்டுகிறது. கைப்பயிற்சிக்குப் படம் போட்ட தாள் வந்தது. என் மகன் தினமும் அவளுக்குத் தலைவாரிப் பின்னல் போட்டான். கோணல் பின்னல்தான். இருந்தாலும் பின்னல். அவன் அப்பா எனக்கு ஒரு நாள் சீப்பை எடுத்துக் கொடுத்ததில்லை.

நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் போர்வை பிழிந்தவள். எனக்கும் அதே கை, அதே இடம். மேஸ்திரியிடம் சொன்னதற்கு, "வயசாச்சுல்ல" என்றார். அப்போது எனக்கு முப்பத்துநாலு. இவள் வலிக்குப் பட்டை, படம், புருஷன், ஆறு வாரம். என் வலிக்கு ஒரு வார்த்தை. சமையலறையில் யாரும் இல்லாதபோது முஷ்டியை மூடிச் சாய்த்துப் பார்த்தேன். கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

குளிக்கப் போகும்போது அவள் பட்டையைக் கழற்றி மேசையில் வைப்பாள். எடுத்துப் போட்டுக்கொண்டேன். யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் கழற்றி வைத்துவிட்டேன். முதல் நாள் பத்தே நிமிடம். மறுநாளும் போட்டேன். அடுத்த வாரம் அவள் குளியல் இருபது நிமிடமாயிற்று. பிறகு அரை மணி. பிறகு முக்கால். "என்னம்மா, தோலே உரிஞ்சு வந்துடும் போல" என்றேன். "ஒத்தைக் கை அத்தை, மெதுவாத்தான் முடியுது." நம்பினேன். எனக்கும் வசதியாகத்தானே இருந்தது.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலையிலிருந்து குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தொட்டியும் காலி. அவள் வழக்கம்போலத் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். மடித்த துண்டு மடித்தபடியே இருந்தது. மேசையில் பட்டை என் தடித்த மணிக்கட்டு அளவுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து, ஒரு விரல்கடை இறுக்கி, தன் கைக்கு ஒட்டிக்கொண்டாள்.

"தண்ணியில்லாம என்ன குளியல்?"

"குளிச்சேன்னு யாரு சொன்னா? சும்மா உக்காந்திருந்தேன். கைக்கு ஓய்வு குடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கல்ல."

"யாரு கைக்கு?"

"கைக்குத்தான்."

இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஈரத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள், தினமும். இதை மாடிவீட்டுக்காரியிடம் நான் எந்த வாயால் சொல்வது?

ஆறு வாரம் முடிந்த திங்கட்கிழமை, என் எதிரிலேயே முஷ்டியை மூடிச் சாய்த்துப் பார்த்தாள். "இழுக்குது, அவ்வளவுதான்." போனிலேயே பேக்கரிக்காரரிடம் பேசி முடித்தாள். பையில் பாதிதான் கிரீம், இரண்டு கையாலும் மாற்றி மாற்றி, மூன்று கேக்குக்கு ஒரு தடவை ஓய்வு. பழைய வேகம் வருமா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "வேகம் வேணும்னா மெஷின் வாங்குங்க. பூவும் பேரும் வேணும்னா நான் வரேன்" என்றாள். அவர் இறங்கி வந்தார் போலிருக்கிறது. "சரி, வரேன்" என்று வைத்துவிட்டாள்.

பிறகு என்னிடம், "போற வழிதான் அத்தை. டாக்டரம்மாகிட்ட உங்க கையையும் காட்டிட்டு வந்துடலாம்."

"என் கைக்கு என்ன? வயசாச்சு."

அவள் கதவைத் திறந்து வெளியே போனாள். தன் செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு குனிந்து, என் தேய்ந்த செருப்புகளைக் கட்டைவிரல் படாமல், கேக்கைத் தூக்குவது போல இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பிப் படியில் வைத்தாள்.