சுமாஷ் சிறுமியாக நான் ஓடிய நாள்

மூன்றாம் வகுப்பில் நான் சுமாஷ் சிறுமியாக நடித்தேன். வசனம் கிடையாது. மேடையில் அழ வேண்டும், தலையில் தண்ணீர் வாங்கிக்கொள்ள வேண்டும், புதுப் பெயரோடு உள்ளே போக வேண்டும். வகுப்பிலேயே நான்தான் குள்ளம் என்பதால் கிடைத்த வேடம் அது. என் நடிப்புக்காகக் கிடைத்தது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

செம்பூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி. தாராவியிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அந்த வருடம் கலிபோர்னியாவிலிருந்து ஒரு சிஸ்டர் ஆங்கிலம் சொல்லித்தர வந்திருந்தார். அமெரிக்கா என்றதும் வெள்ளைக்காரம்மாவை எதிர்பார்த்திருந்த எங்களுக்கு, என் அத்தையைப் போல மாநிறத்தில் ஒருவர் வந்து நின்றது கொஞ்சம் ஏமாற்றம்தான். அவருடைய அம்மா சுமாஷ் இனத்தவர். அந்தக் கடற்கரையில் காலங்காலமாக வாழ்ந்த ஆதிகுடிகள். ஆண்டுவிழாவுக்கு அவர்களைப் பற்றிய நாடகத்தை சிஸ்டரே எழுதினார்.

பலகைகளைக் கயிற்றால் தைத்து, இடுக்குகளில் தார் பூசி, அந்தப் படகில் தீவுகளுக்குப் போய்வந்தவர்களாம். ஓக் மரத்துக் கொட்டைகளை இடித்து, கசப்புப் போகத் தண்ணீரில் அலசி, கஞ்சி காய்ச்சினார்களாம். பிறகு ஸ்பெயின்காரர்கள் வந்து கோயிலும் மதிலுமாக மிஷனைக் கட்டினார்கள். அவர்களுடைய மாடுகள் இவர்கள் விதை பொறுக்கும் புல்வெளியெல்லாம் மேய்ந்து தீர்த்தன. புதுப்புதுக் காய்ச்சல்கள் பரவின. பசி தாங்காமல் மிஷனுக்குப் போனவர்களின் தலையில் ஞானஸ்நானம் என்று தண்ணீர் ஊற்றிப் பெயரை மாற்றினார்கள். அதற்குப் பிறகு கேட்காமல் வீடு திரும்ப முடியாது. எழுந்திருக்க ஒரு மணி, வேலைக்கு ஒரு மணி, கஞ்சிக்கு ஒரு மணி. கொஞ்சம் வளர்ந்த பெண்பிள்ளைகளை அம்மா அப்பாவிடமிருந்து பிரித்து, ராத்திரி ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஓடிப்போனால் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

சிஸ்டர் இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியைப் பக்கத்திலிருந்த ஹாஸ்டல் தோழி இந்தியில் சொன்னாள். அவளுக்கும் பாதிதான் விளங்கியிருக்கும். ஆனால் தலையில் தண்ணீர் விழுந்துவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

எங்கள் பள்ளியிலும் மணி அடித்தார்கள். மாடியில் ஹாஸ்டல் இருந்தது. ராத்திரி அதைப் பூட்டுவார்கள் என்று அந்தத் தோழிதான் சொல்லியிருந்தாள்.

அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். முதலாளி பட்டறையைத் தொலைவிலிருந்த உல்லாஸ்நகருக்கு மாற்றுகிறார் என்ற பேச்சு அப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்தால் நின்றுவிடும். ஒருநாள் எங்கள் மாடி அறைக்கு ஏணியில் ஏறும்போதே அம்மாவின் குரல் கேட்டது.

"அவ அங்கன தனியா இருந்துக்கிடுவாளா? என் சேலையப் பிடிக்காம தூங்க மாட்டாளே."

அப்பாவின் பதில் காதில் விழவில்லை. என்னைப் பார்த்ததும் அம்மா, "ஏட்டி, கை கால் கழுவுனியா?" என்றாள். மிஷன் விஷயம் இவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வேடத்துக்கான பாவாடையை அப்பாவே பட்டறையில் மிஞ்சிய தோல் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்துத் தந்தார். இடுப்பில் வைத்து அளவு பார்க்கும்போது கேட்டேன்.

"அப்பா, தண்ணி ஊத்துன பொறவு நான் வீட்டுக்கு வரலாமா?"

"வராம பின்ன எங்கட்டி போவ? நாடகம்தான அது."

சிரித்துக்கொண்டே சொன்னவர், சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்ன பதிலை விட்டுவிட்டு, நின்றுபோன அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அதிலிருந்து காலையில் பள்ளிக்குக் கிளம்பவே பிடிக்கவில்லை. பஸ் செம்பூரை நெருங்க நெருங்க சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஆனால் ஒத்திகையில் பாதிரியாராக நடித்த ஏழாம் வகுப்பு அக்கா தண்ணீர் இல்லாத வெறும் சிப்பியைத்தான் என் தலைமேல் கவிழ்த்தாள். அந்த ஒன்றை நம்பித்தான் நாட்களைத் தள்ளினேன்.

ஆண்டுவிழா அன்று அம்மாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. அப்பா மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் என்னைத் தூக்கிவந்த அம்மா வேடக்காரி இறக்கிவிட்டு விலகினாள். நான் முட்டி போட்டேன். நிமிர்ந்து பார்த்தால், சிப்பியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. மேடைப் படிகளில் சறுக்கி இறங்கி ஓடினேன். "அரே, கிதர் ஜா ரஹீ ஹை?" என்று பின்னால் ஒரு சிப்பாய் இந்தியில் கத்தினாள். எங்கே போகிறாய் என்று கேட்கும் அப்படி ஒரு வசனம் நாடகத்தில் இல்லை. அட்டைத் துப்பாக்கிகளோடு சிப்பாய்கள் என்னைத் துரத்த, கூட்டம் கைதட்டியது. நான் போய் அப்பாவின் கால்களைக் கட்டிக்கொண்டேன்.

"அப்பா, வீட்டுக்குப் போவோம்."

கைதட்டலில் அவருக்கு அது கேட்டிருக்காது. முகமெல்லாம் பெருமையாக என்னைத் தூக்கி, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தபடி நடந்துபோய், மேடை விளிம்பில் நின்ற சிப்பாய்களிடம் கொடுத்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. திரை ஓரத்தில் சிஸ்டர் மட்டும் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தண்ணீர் சில்லென்று உச்சியில் விழுந்து கழுத்தில் இறங்கியது. என் பெயர் ஹுவானா ஆகிவிட்டது. நான் அழுத அழுகையை அன்றைக்கு எல்லோரும் புகழ்ந்தார்கள்.

முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அப்பா என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரிசையாக இரும்புக் கட்டில்கள். ஹாஸ்டல் பொறுப்பாளர் தூத்துக்குடிப் பக்கத்து சிஸ்டர், தமிழிலேயே பேசினார். அப்பா ஒரு மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ராத்திரி கதவு எப்பிடி சிஸ்டர்?"

"சாப்பாடு முடிஞ்சதும் பூட்டிருவோம். சாவி என்கிட்டதான் இருக்கும். நீங்க பயப்படவே வேண்டாம்."

"அப்பம் சரி," என்று அப்பா பெருமூச்சு விட்டார். "புள்ளைக்குக் கட்டில் பிடிச்சிருக்கா?" என்று அந்த சிஸ்டர் என்னைக் கேட்டார். நான் அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அப்பா என்னை விட்டுவிட்டு வரவில்லை. கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்து, தெருவைக் கடந்து, தாராவி பஸ்ஸில் ஏற்றினார். வாசல் வரைக்கும் யாரும் எங்களைத் துரத்தி வராதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பஸ் கிளம்பியதும் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. பள்ளி திறக்கும் ஜூன் மாதம் என்று ஒன்று வரும், அந்தக் கட்டில்களில் ஒன்று எனக்காகும் என்பது எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் கூட்டமே இல்லை. பக்கத்தில் ஜன்னலோர சீட் காலியாகக் கிடந்தது. எட்டு வயதுப் பெண்ணை அப்பா எதற்காகவோ மடியில் உட்காரவைத்து இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்திருந்தார். வேடிக்கை பார்க்க வேண்டும், விடுங்கள் என்று நான் நெளிந்துகொண்டே இருந்தேன். தாராவி வந்து இறங்கும்வரை அவர் விடவேயில்லை.