ஏழாம் பெட் பற்றிய பாட்டு

வெள்ளிக்கிழமை ஜெபத்தில் பாட நான் பயந்ததே இல்லை. கீபோர்டு, டிரம்ஸ், இருபது குரல்கள். என் குரல் அவற்றுக்குள் பத்திரமாக ஒளிந்துகொள்ளும். குவைத்தில், ஃபர்வானியாவில் எங்கள் அறையில் தனியாகப் பாடியபோதுதான் பயம் வந்தது. கூடத் தங்கியிருந்த இரண்டு நர்ஸ்களும் டூட்டிக்குப் போன காலைகளில், அலமாரியைத் திறந்து, தொங்கும் யூனிஃபார்ம்களுக்கு நடுவே, எதிரொலி இல்லாமல் பதிவாகும்படி போனை வைத்து, பழைய கிட்டாருடன் உட்காருவேன். நானே எழுதிய பாட்டுகள். திருப்பிக் கேட்டால் கம்பியில் விரல் உரசுவதும், நான் மூச்சு இழுப்பதும்கூடக் காதில் விழும். யாரோ மிக அருகில் நின்று என்னைப் பார்ப்பதுபோல் கூசும். ஆனாலும் அடுத்த லீவு நாளுக்காகக் காத்திருப்பேன்.

நான்கு பாட்டுகளை என் பெயர் போடாமல் இணையத்தில் ஏற்றினேன். அதில் ஒன்று, என் டூட்டியில் இறந்துபோன முதியவரைப் பற்றியது. கடைசி நாளில் அவர் தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. உதட்டை மட்டும் நனைத்துவிட்டேன். பாட்டில் அவர் பெயர் இல்லை. ‘ஏழாம் பெட்’ என்றுதான் பாடியிருந்தேன்.

ஒரு மதியம், எங்கள் வார்டின் சார்ஜ் நர்ஸ் அக்கா என்னை நிறுத்தினார். அவருக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

“ஏ பிள்ள, ஜெபக் குழு வாட்ஸ்அப்புல ஒரு பாட்டு சுத்துது. அது நீதான? நம்ம ஏழாம் பெட்டுதான அது?”

கையிலிருந்த மருந்துத் தட்டை மேசையில் வைத்தேன். “யாருக்கா சொன்னா?”

“உன் குரலு எனக்குத் தெரியாதா? டூட்டி முடியட்டும், பேசுவோம்.”

நோயாளி விஷயம் வெளியே போனால் வேலை போகும், லைசென்ஸ் போகும். அடுத்த மூன்று மணி நேரம் ஒவ்வொரு ஊசியையும் நான்கு தடவை சரிபார்த்தேன். பாத்ரூமுக்குள் போய்ப் பாட்டை அழிக்கப் பார்த்தேன். அழிக்க மனம் வரவில்லை.

டூட்டி முடிந்ததும் உடை மாற்றும் அறையில் அக்கா கதவைச் சாத்தினார்.

“பெட் நம்பர எடுத்துரு. மேல தெரிஞ்சா பெரிய பிரச்சினையாயிரும்.”

“பாட்டையே எடுத்திருதேன்க்கா.”

“அத எதுக்கு எடுக்க? அன்னைக்குத் தண்ணி குடுக்காதன்னு உன்ட்ட வந்து சொன்னது நான்தான. எனக்கும் அது மறக்கல.”

அன்றே அந்தப் பதிவை இணையத்திலிருந்து நீக்கினேன். அடுத்த லீவில், பெட் நம்பர் இல்லாமல் மறுபடி பாடினேன். இரண்டாவது அடியில் குரல் நடுங்கியது. அதை அப்படியே விட்டு, முதலில் அக்காவுக்கு அனுப்பினேன். பதில் வரும்வரை போனைக் கீழே வைக்கவில்லை.

“நல்லாருக்கு, போடு” என்று எழுதியிருந்தார்.