யுபிஎஸ்ஸில் மிக்சி சொருகியவன்

இன்று ராஜபாளையம் பஸ்ஸில் பழைய நண்பன் கேட்டான்: "ஏலே மாப்ளே, அன்னிக்கு அவ சாத்துக்குடி ஜூஸக் குடிச்சாளா? எனக்கு ஞாபகமே இல்ல."

தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்லைன் யுபிஎஸ் வாங்க வைத்தவன் நான்தான். எந்நேரமும் பேட்டரி வழியாகவே மின்சாரம் கொடுப்பதால், கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் கண் சிமிட்டாது. ஜில்லாவிலேயே அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

படுக்கையில் கிடந்த அவன் மனைவி, தான் கட்டிய பாட்டுகளைச் சொல்லச் சொல்ல அவன் டைப் அடித்தான். சாத்துக்குடியோடு நான் பார்க்கப் போயிருந்த அன்று, பாதியில் கரண்ட் போனது.

"தங்கச்சி, யுபிஎஸ் இருக்கு, ஜூஸே போடலாம்" என்று அதிலேயே மிக்சியைச் சொருகினேன். லோடு தாங்காமல் எல்லாம் அணைந்தது. சேமிக்காத பாட்டுகள் போயின. மறுவாரம் அவளும் போனாள்.

ஜூஸ் அரைபடவே இல்லை.

"ஒரு டம்ளர் முழுசாக் குடிச்சுச்சுல" என்றேன். அவன் சிரித்தான்.

அவன் பேஸ்புக்கில் இல்லை. உங்களிடம் கேட்டால், ரெண்டு டம்ளர் என்று சொல்லுங்கள்.